முதல் காட்சி அழுகைக்காரர்

தண்ணீர் மீட்டர் படிக்கிறவருக்கு முகம் என்று ஒன்று இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வாசல் ஓரத்துக் குழியின் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்புவார். கரப்பான்பூச்சிகள் கலைந்து ஓடும்வரை பொறுத்திருப்பார். பிறகு டார்ச் அடித்து, மீட்டர் மேல் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் பார்ப்பார். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரிவது ஒரு வழுக்கையும் ஒரு முதுகும். நாயைக்கூட யாரும் பிடித்துக் கட்ட மாட்டார்கள். "ஒண்ணும் பண்ணாது, நீங்க பாருங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்கள். அது ஒன்றும் பண்ணாமல் இருந்ததில்லை என்பதற்கு அவருடைய கெண்டைக்காலே சாட்சி.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒரே நாளில் முகம் முளைத்தது. முளைக்காமலே இருந்திருக்கலாம்.

அந்த வாரம் மனைவியை இதய டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தார். மூன்றாவது மாடியிலிருக்கும் வீட்டுக்கு ஏறி வருவதற்குள் அந்த அம்மாவுக்கு இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. டாக்டர் அவளை எடை பார்க்கப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, இவரிடம் மட்டும் சொன்னார்: "வால்வு ரொம்பக் கெட்டுப்போச்சு. ஆபரேஷன் தாங்க மாட்டாங்க. அவங்களுக்குச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க. மாத்திரை குடுங்க, பக்கத்துல இருங்க." மனைவி திரும்பி வந்து, "என்ன சொன்னாரு?" என்றாள். "மாத்திரை போட்டா சரியாயிடுமாம்" என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மகளிடமும் அதையேதான் சொன்னார். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் வந்திருந்தாலும் குட்டு உடைந்திருக்கும். அதனால் வரவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து தியேட்டர் பின்பக்கத்து மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் நல்ல மனுஷர். "உள்ள வந்து உக்காருங்க, மழை விட்டதும் போங்க" என்று கடைசி வரிசையில் இடம் காட்டினார். போர்வைக்காரன் படத்தின் முதல் நாள், முதல் காட்சி. போர்வைக்காரன் என்பது நான் வைத்த பெயர். ரப்பர் உடுப்பும் முதுகில் ஒரு நீளத் துணியுமாக ஆகாயத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றுகிறவன். ரசிகர்கள் அவனைத் தலைவன் என்பார்கள். நம்மவர் இந்த ரகப் படமே பார்த்ததில்லை. இடி, முழக்கம், கட்டடங்கள் சரிவது எதுவும் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில், ஊரையே காப்பாற்றிய அவன் சொந்தப் பெண்டாட்டியைக் காப்பாற்ற முடியாமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருட்டில் பக்கத்தில் யாரும் இல்லை. அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

முகம் கழுவக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தவரின் வாய்க்கு நேராக, சிவப்புப் பஞ்சு உறை போட்ட ஒரு மைக் நீண்டது. முதல் காட்சி முடிந்து வருகிறவர்களை மடக்கி அபிப்பிராயம் கேட்கும் சேனல்காரப் பெண்.

"அங்கிள், படம் எப்படி?"

"தாங்க முடியலம்மா" என்றார். தோள் குலுங்க நின்றார். அந்தப் பெண் மைக்கை இழுத்துக்கொள்ளவில்லை. விவரமான பெண்.

சாயங்காலத்துக்குள் அந்த முகம் ஊர் முழுக்கச் சுற்றியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பத்திரிகையில் எழுதும் மூத்த விமர்சகர், முந்தின நாளே தனிக் காட்சி பார்த்தவர், அன்று காலையிலேயே படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். "பக்கத்து வீட்டில் சுவர் இடிப்பதை இரண்டரை மணி நேரம் காசு கொடுத்துக் கேட்ட மாதிரி இருந்தது" என்று எழுதினார். ரசிகர்களுக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளின் வாயை அடைக்க ஏதாவது கிடைக்காதா என்று அலைந்தவர்களின் கையில் மீட்டர்காரரின் கண்ணீர் சிக்கியது. "ஒரு பெரிய மனுஷன் தேம்பித் தேம்பி அழறாரு, உனக்குக் கல்லு மனசாடா?" என்று விமர்சகரின் எழுத்துக்குக் கீழே அந்த வீடியோவைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். விமர்சகரும் சளைக்கவில்லை. "வெங்காயம் நறுக்கினாலும் கண்ணீர் வரும். அதற்காக வெங்காயத்துக்கு விருது கொடுப்பதில்லை" என்று பதில் எழுதினார். இரண்டு கட்சிக்கும் அவர் கண்ணீர் வேண்டியிருந்தது. அது எதற்காக வந்தது என்று ஒரு பயலும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது. சொன்னால் மனைவிக்குத் தெரிந்துவிடும்.

ஆரம்பத்தில் அவர் வாயைக் கட்டிப்போட்டது அந்த நல்ல எண்ணம்தான். இதை நான் அவருக்காகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதற்கு மேல் அவருக்காகச் சொல்ல அதிகமாக ஒன்றும் இல்லை.

அடுத்த முறை மீட்டர் படிக்கப் போனபோது கதவுகள் தாமாகத் திறந்தன. நாய்களைக் கட்டினார்கள். "அட, நம்ம அழுகை அண்ணா!" என்று குழிக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் மூடியைக்கூட அவர்களே தூக்கிக் கொடுத்தார்கள். காலமெல்லாம் குழியைப் பார்த்தே இருந்தவருக்குத் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்த தலையில் கனமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

அடுத்த படம் வந்தது. மைக் பெண் முந்தின நாளே கூப்பிட்டுச் சொன்னாள்: "அங்கிள், நாளைக்கு நீங்க இல்லாம எப்படி? எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க." போனார். இது வேறொரு வீரன், சுவரில் ஊர்கிறவன். படம் மகா மட்டம். கடைசிக் கட்டம் நெருங்கியும் கண் வறண்டு கிடந்தது. வெளியே மைக் காத்திருக்கிறது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கண்ணை மூடி, வீட்டுக் கூடத்தில் மனைவியைக் கிடத்திப் பார்த்தார். கண்ணீர் சொன்னபடி வந்தது.

அதிலிருந்து அதுவே தொழில் ரகசியமாகிவிட்டது. பறக்கிறவன், ஊர்கிறவன், மலை உயரம் வளருகிறவன் என்று யார் படம் வந்தாலும், திரையில் அவர்கள் மோதிக்கொண்டிருக்கும்போது இவர் இருட்டில் உட்கார்ந்து பெண்டாட்டியைச் சாகடித்துக்கொண்டிருப்பார். முதலில் வெறுமனே கிடத்தினால் போதுமாக இருந்தது. இரண்டு படத்துக்குப் பிறகு அது எடுபடவில்லை. மாம்பழ நிறப் புடவை ஒன்றை உடுத்திவிட்டார். அதுவும் சலித்தது. மனைவியின் அண்ணனை ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தினார். மகளைக் காலடியில் உட்கார வைத்து, "அம்மா" என்று கத்த வைத்தார். ஒரு தடவை மகளின் கத்தல் கொஞ்சம் மிகையாகப் பட்டதால் அதை வெட்டிவிட்டு, சத்தமில்லாமல் அழ வைத்துப் பார்த்தார். நன்றாக வந்தது. எந்த விமர்சகரும் எந்தப் படத்தையும் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டார்.

வெளியே வந்து மைக் முன்னால் அழுது முடித்து, மூக்கை உறிஞ்சி, ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தோடு முடிப்பார்: "மிஸ் பண்ணாதீங்க, குடும்பத்தோட வந்து பாருங்க." அவர் குடும்பத்தோடு ஒரு படத்துக்கும் போனதில்லை.

மகள் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். அவள்தான் அம்மாவுக்கு வீடியோக்களைப் போட்டுக் காட்டுவாள். முதலில் அந்த அம்மா மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். நாலைந்து படம் ஆனபிறகு சிரிப்பு குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அப்படி என்னத்த நினைச்சுதான் அழறீங்க?"

"படத்ததான். வேற என்ன?"

"எனக்காக ஒரு தடவையாவது அழுதிருக்கீங்களா? ஆஸ்பத்திரியில நான் பயந்துபோய் உக்காந்திருக்கேன், நீங்க ஃபேனைப் பாத்துட்டு இருந்தீங்க."

அவர் மடித்துவைத்த துணிகளை எடுத்து அடுக்கினார்.

"நான் போயிட்டா, அந்த ரப்பர் சட்டைக்காரனுக்கு அழுததுல பாதியாவது அழுவீங்களா?"

"வாயைக் கழுவு. என்ன பேச்சு இது?"

"சும்மா கேட்டேன்" என்று ஒரு சட்டையின் கையை மடித்தாள். சும்மா கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். உனக்காகத்தான், ஒவ்வொரு சொட்டும் உனக்காகத்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் வால்வு கதை வெளியே வரும். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு காரணமும் இருந்தது. சொல்லிவிட்டால் பிறகு அந்தக் காட்சியை நினைத்து அழ வராதோ என்று பயம். அடுத்த மாதம் போர்வைக்காரனின் கடைசிப் படம் வரவிருந்தது.

அந்தப் படத்தில் போர்வைக்காரனே சாகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. படக் கம்பெனி அவருக்கு நடு வரிசையில் தனி இடம் ஒதுக்கியிருந்தது. அதே வரிசையில் அந்த விமர்சகருக்கும் இடம். படம் முடிந்ததும் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்திப் பேசவைக்க மைக் பெண் ஏற்பாடு செய்திருந்தாள். மீட்டர்காரர் தன் சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டார்.

காலையில் மனைவி சமையலறைக் குழாயைத் திறந்தவள் மூடாமலே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"இன்னிக்கு மட்டும் போகாதீங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன். நீங்க பக்கத்துல இருங்க போதும்."

பக்கத்தில் இருங்கள் என்று டாக்டர் சொன்னதும் இதே வார்த்தைதான். அது அவருக்கு ஞாபகம் வந்தது. வந்தும், "மூணு மணி நேரம்தானே, பாப்பாவ சீக்கிரம் வரச் சொல்றேன், படுத்துக்கோ" என்று செருப்பை மாட்டினார். குழாய் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் வீணாகிற சத்தம் கேட்டால் நிற்கிற கால் அவருடையது. அன்று நிற்கவில்லை. மகளுக்குச் சொல்வதும் பஸ் வந்த அவசரத்தில் மறந்துபோயிற்று.

போனை அணைத்து வைக்கச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது. அணைத்து வைத்தார்.

போர்வைக்காரன் பிரமாதமாகச் செத்தான். தியேட்டரே விம்மியது. முன் வரிசையில் முரட்டு ஆசாமிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நம்மவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. மாம்பழ நிறப் புடவை வந்தது, மச்சான் வந்தார், மகள் சத்தமில்லாமல் அழுதாள். எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன காட்சி. ஓரக்கண்ணால் பார்த்தால் விமர்சகர் கையைக் கட்டிக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில், வேறு வழியில்லாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் காலை நேரத்து முகத்தை எடுத்தார். வெளுத்த உதட்டையும், திறந்து கிடந்த குழாயையும் எடுத்தார். கற்பனை எதுவும் கலக்காத சரக்கு. அன்று அவர் அழுத அழுகையை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

வெளியே பெரிய கூட்டம். விமர்சகர் மைக்கைப் பார்த்துச் சொன்னார்: "மூணு மணி நேரம் ஒரு உடுப்பு சாகறதப் பாத்தேன். உள்ள மனுஷன் யாரும் இருக்கற மாதிரி தெரியல. சார், நெஜமா சொல்லுங்க, இதுல அழ என்ன இருக்கு?"

கூட்டம் ஊளையிட்டது. மீட்டர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "சொந்தமா ஒரு உயிரைப் பறிகொடுத்தவனுக்குத்தான் சார் இது புரியும். உங்களுக்கு எங்க புரியப்போவுது?" என்றார். விசில் காதைக் கிழித்தது. யாரோ அவரைத் தோளில் தூக்கினார்கள். அவர் தோளில் ஏறியிருந்த நேரத்தில், மூன்றாவது மாடியில் குழாய்த் தண்ணீர் சமையலறையைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கியதால், கீழ்வீட்டுக்காரர்கள் ஏறி வந்து கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் போனை உயிர்ப்பித்தபோது மகளின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாம்பழ நிறப் புடவை இல்லை, காலையில் உடுத்தியிருந்த அதே வெளிறிய நைட்டி, ஓரம் நனைந்திருந்தது. மனைவியின் அண்ணன் ஜன்னலோரம் நின்றிருந்தார். மகள் காலடியில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார். எத்தனையோ தரம் பார்த்த இடம். யார் எங்கே நிற்பார்கள் என்பதுகூட மாறவில்லை. நெஞ்சில் எதுவும் அசையவில்லை. அசையட்டும் என்று முயற்சி செய்தார். பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார், நினைத்துப் பார்க்க வேறு காட்சி கைவசம் இல்லை.

தெருவே வந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பாதி, அழுகை அண்ணா சொந்தப் பெண்டாட்டிக்கு எப்படி அழுகிறார் என்று பார்க்க வந்தவர்கள் பாதி. ஒரு மணி நேரம் நின்று பார்த்தும் ஒன்றும் நடக்காததால் பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது.

மச்சான்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டே வந்தார். "மாப்ள, எவனோ போர்வை போத்தினவனுக்கு ஊரு பாக்க உருண்டு பொரண்டு அழுதீங்க. இப்ப என் தங்கச்சி கிடக்கறா." குரல் ஏறியது. மரியாதை இறங்கியது. "ஒரு சொட்டு இல்லையாடா உன்கிட்ட? நீயெல்லாம் மனுஷனா?"

அவர் மகளைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார். தரையில் இன்னும் தண்ணீர் நின்றது. இனிமேல் மறைக்க எதுவும் இல்லை என்று நினைத்தார். மகள் ஒருத்தியாவது தன்னை நம்பினால் போதும் என்று இருந்தது.

"பாப்பா, நான் அழுததெல்லாம் படத்துக்கு இல்லம்மா. எல்லாம் அம்மாவுக்காகத்தான். அவ இப்படிக் கிடக்கறத நினைச்சு நினைச்சுதான் ஒவ்வொரு தடவையும் அழுதேன். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு."

மகள் அவரை நிதானமாகப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரா?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சும் இன்னிக்கு விட்டுட்டுப் போனீங்களா?"

அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"அவங்க உசிரோட வீட்ல உக்காந்து உங்க சட்டைய மடிச்சுட்டு இருந்தாங்க. நீங்க தியேட்டர்ல உக்காந்து அவங்களைச் சாகடிச்சு சாகடிச்சு பாத்திருக்கீங்க." குரலை அவள் உயர்த்தவே இல்லை. "மாமா கேட்டது சரிதான். நீங்க படத்துக்கே அழுதிருக்கலாம்ப்பா. அதுவாச்சும் பரவாயில்ல."

அவர் கூடத்துக்குத் திரும்பியபோது வாசல் கூட்டம் விலகி வழிவிட்டது. மைக் பெண் வந்திருந்தாள். கண் உண்மையாகவே சிவந்திருந்தது. ஆனால் கையில் மைக் இருந்தது. "ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க அங்கிள், மன்னிச்சுக்கங்க. ஆன்ட்டியப் பத்தி ரெண்டு வார்த்தை" என்று அதை நீட்டினாள்.

சிவப்புப் பஞ்சு உறை முகத்துக்கு நேரே வந்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. தோள் குலுங்கியது. எல்லாம் வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில். மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். மச்சான்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். மீட்டர்காரருக்கு நிறுத்த வேண்டும் என்றுதான் இருந்தது. நிறுத்தத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினார். வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"மிஸ் பண்ணாதீங்க" என்றது. "குடும்பத்தோட வந்து..."

மகள்தான் வந்து மைக்கைத் தட்டிவிட்டாள்.

அந்த வீடியோ அதற்கு முந்தைய எல்லாவற்றையும்விட அதிகமாகப் பார்க்கப்பட்டது. கீழே ஜனங்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதினார்கள். பெண்டாட்டியைக் காட்டிக் காசு பார்க்கிறான் என்றார்கள் சிலர். கடைசியில் வாய் குழறுவது நல்ல நடிப்பு என்றார்கள் வேறு சிலர். மகள் தன் வேலை இடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டு போனபின், காலியான கூடத்தில் உட்கார்ந்து அவர் அத்தனையையும் ஒன்றுவிடாமல் படித்தார். அதில் ஒன்று, பெயர் போடாத எவனோ எழுதியது: "முதல் வீடியோவுல அழுதது மட்டும்தான் நிஜம். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் நடிப்பு."

அதைத் திரும்பவும் படித்தார். பிறகு, சேறு துடைத்துத் துடைத்துக் காய்ப்பேறிய கட்டைவிரலால், அதற்கு ஒரு லைக் போட்டார்.